ஷான்தியி: குதிரைகளுக்குக் கட்டிய மாளிகையும் அதன் பின்னே நிற்கும் காடும்

பாரிஸுக்குப் போகிறவர்கள் வெர்சாய் அரண்மனையைப் பார்க்காமல் திரும்புவதில்லை. அதே பாரிஸிலிருந்து வடக்கே சுமார் 40 கிலோமீட்டர் தூரத்தில், மதுரையிலிருந்து கொடைரோடு போகும் அளவுக்கு அருகில், ஷான்தியி என்று ஓர் ஊர் இருக்கிறது. அதைப் பற்றி நம் பக்கத்துச் சுற்றுலா முகவர்கள் பெரும்பாலும் பேசுவதில்லை. பேசினாலும் அரை நாள் போதும் என்று முடித்துவிடுகிறார்கள். அந்த ஊருக்கு இரண்டு முறை போய்வந்தவள் நான். முதல் முறை ஏமாந்து திரும்பினேன், இரண்டாம் முறை நிறைவோடு திரும்பினேன். இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு ஊரில் இல்லை, பார்த்த வரிசையிலும் கொடுத்த நேரத்திலும்தான் இருந்தது என்பதால் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். எழுத்தைப் பார்த்துப் பலர் சாந்தில்லி என்று படிக்கிறார்கள். அங்கே யாரிடமாவது வழி கேட்பதென்றால் ஷான்தியி என்று சொன்னால்தான் புரியும்.

முதல் பயணம் மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, மதுரையில் ஒரு முகவர் ஏற்பாடு செய்த குழுப் பயணத்தின் பகுதியாக அமைந்தது. எங்கள் பேருந்து அங்கே போய்ச் சேர்ந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமைகளில் அந்த அரண்மனை வளாகம் மூடியிருப்பது வழக்கம் என்பதை முகவரும் சொல்லவில்லை, நாங்களும் விசாரித்துக்கொள்ளவில்லை. அகழிக்கு வெளியே நாற்பது நிமிடம் நின்று படம் எடுத்துக்கொண்டு வண்டியேறினோம். உடன் வந்திருந்த என் அம்மா, பேருந்து நகர்ந்த பிறகு, ஜன்னல் வழியே பார்த்தபடி, “குதிரை லாயம் குதிரை லாயம்னு சொல்லிக் கூட்டியாந்தாங்க, ஒரு குதிரையக்கூடக் கண்ணுல காட்டலையேத்தா” என்றார். அம்மாவின் தந்தை மதுரை ரயில் நிலையத்துக்கு வெளியே பல ஆண்டுகள் குதிரை வண்டி ஓட்டியவர். ஆகவே அந்தக் குறை சாதாரணக் குறையாக இல்லை. கடந்த செப்டம்பரில், பாரிஸ் அருகே வேலை பார்க்கும் என் தம்பி வீட்டுக்கு மறுபடி போனபோது, வேறு எதைப் பார்க்காவிட்டாலும் ஷான்தியிக்கு ஒரு முழு நாள் ஒதுக்குவது என்று முடிவு செய்துகொண்டுதான் போனோம்.

பாரிஸின் கார் து நோர் ரயில் நிலையத்திலிருந்து வட்டார ரயிலில் ஏறினால் இருபத்தைந்து நிமிடத்தில் ஷான்தியி வந்துவிடுகிறது. புறநகர் ரயிலில் ஏறினால் முக்கால் மணி நேரம் பிடிக்கும். நாங்கள் முதல் ரயில்களில் ஒன்றைப் பிடித்தோம். காரணம் தம்பி சொன்ன ஒரு விஷயம். அரண்மனைக்கும் அருங்காட்சியகத்துக்கும் பத்து மணிக்கு மேல் போனால் போதும், ஆனால் இந்த ஊரின் உயிர் வெளியில் தெரிவது விடிந்த பிறகு வரும் இரண்டு மூன்று மணி நேரத்தில்தான். ஷான்தியியும் அதைச் சுற்றியுள்ள சிற்றூர்களும் பிரான்ஸ் நாட்டிலேயே மிகப் பெரிய பந்தயக் குதிரைப் பயிற்சி மையம். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகளும் நூறு பேர் அளவில் பயிற்சியாளர்களும் இங்கே இருக்கிறார்கள். காலையில் குதிரைகள் லாயங்களிலிருந்து வரிசையாகப் புறப்பட்டு, சாலையைக் கடந்து, காட்டுக்குள் போட்டிருக்கும் மணல் பாதைகளில் ஓடப் போகின்றன.

நாங்கள் நின்ற இடம் காட்டின் விளிம்பு. புல்லில் பனி ஈரம் இருந்தது. முதலில் ஒன்றும் தெரியவில்லை. ஈர மணலில் குளம்பு பதியும் சத்தம் மட்டும், தொலைவில் யாரோ உலக்கை போடுவதுபோல, கேட்டது. பிறகு மரங்களுக்கு நடுவிலிருந்து ஏழெட்டுக் குதிரைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. உடலிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. மேலே இருந்தவர்களில் பாதிப் பேர் இளம்பெண்கள். கடைசியாக வந்த செந்நிறக் குதிரை எங்களைக் கண்டதும் ஒரு காதை மட்டும் எங்கள் பக்கம் திருப்பி, மறு காதை முன்னே போகும் குதிரையின் மேலேயே வைத்துக்கொண்டு கடந்து போனது. “ஒரு காது வழியில, ஒரு காது நம்ம மேல. நல்லாப் பழகுன குதிரை” என்றார் அம்மா. வேறு விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை. இந்தக் காட்சிக்கு நுழைவுச் சீட்டு கிடையாது. காலையில் எழும் மனம் மட்டும் போதும். ஆனால் ஓர் எச்சரிக்கை: பயிற்சிக்கான மணல் பாதைகள் காலை வேளையில் குதிரைகளுக்கு மட்டுமே உரியவை. அவற்றில் கால் வைக்கக் கூடாது, பாதையோரத்தில் சத்தம் போடவும் கூடாது. பந்தயக் குதிரை மிரண்டால் ஏறியிருப்பவரின் உயிருக்கே ஆபத்து.

அங்கிருந்து ஊர்ப் பக்கமாக நடந்தால் பந்தயத் திடல் விரிகிறது. அதன் ஓரத்தில், முதல் பார்வையில் யாரும் அரண்மனை என்றே நினைத்துவிடக்கூடிய கட்டடம்தான் கிராந் எகுரி எனப்படும் பெரிய லாயம். நான் இந்த ஊருக்கு எத்தனை மதிப்பெண் கொடுத்தாலும் அதில் பாதி இந்த ஒரு கட்டடத்துக்குத்தான். பிரெஞ்சு அரச குலத்தின் ஒரு கிளையும் இந்த ஊரின் உடைமையாளர்களுமான கோந்தே இளவரசர்களின் வழியில் ஏழாமவரான லூயி ஆன்ரி என்ற பூர்போன் கோமகனுக்காக, ழான் ஓபேர் என்ற கட்டடக் கலைஞர் 1719 முதல் 1735 வரை இதைக் கட்டினார். நீளம் 186 மீட்டர். நடுவில் ஒரு குவிமாடம். இரு பக்கமும் நீண்ட கூடங்கள். 240 குதிரைகளையும் வேட்டை நாய்க் கூட்டங்களையும் கட்டி வைக்கும் அளவுக்கு இடம். நுழைவாயிலின் மேலே சுவரைப் பிளந்துகொண்டு வெளியே பாய்வதுபோலக் கல்லில் செதுக்கிய குதிரைகள். அந்தக் கோமகன் தாம் மறுபிறவியில் குதிரையாகப் பிறப்போம் என்று நம்பினார், அதனால்தான் தம் தகுதிக்கு ஏற்ற வீட்டை முன்கூட்டியே கட்டிக்கொண்டார் என்று ஒரு கதை வழங்குகிறது. கதை உண்மையோ இல்லையோ, உள்ளே நின்று அந்தக் கூரையை அண்ணாந்து பார்க்கும்போது நம்பத் தோன்றுகிறது. மறுபிறவி என்ற சொல்லைக் கேட்டு அம்மா முகத்தில் எந்த வியப்பும் இல்லை. “குதிரையாப் பொறக்கணும்னு ஆசப்பட்டவன் குதிரைய அடிச்சிருக்க மாட்டான்” என்று மட்டும் சொன்னார்.

அங்கே நின்றபோது எனக்கு நம் ஊர் நினைவு வராமல் இல்லை. பாண்டியர்கள் அரபுக் கரையிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகளை வாங்கினார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, அவற்றுக்குச் சோற்றோடு இறைச்சியைக் கலந்து கொடுத்தார்கள், லாடம் கட்டத் தெரிந்தவர் இல்லை, ஆகவே பெரும்பாலானவை சாகின்றன, மறுபடியும் வாங்குகிறார்கள் என்று குறித்து வைத்திருக்கிறார். மாணிக்கவாசகர் கதையும் குதிரை வாங்கப் போன கதைதான். குதிரைக்காகக் கொடுத்த பொன் கோயிலுக்குப் போய்விட, இறைவன் நரிகளைப் பரிகளாக்கிக் கொண்டு வருகிறார். இரவில் அவை மீண்டும் நரிகளாகி, லாயத்தில் இருந்த பழைய குதிரைகளையும் கடித்துக் குதறுகின்றன. ஆவணி மூலத் திருவிழாவில் இன்றும் அதை நடத்திக் காட்டுகிறோம். சித்திரையில் அழகர் தங்கக் குதிரையில் ஏறித்தான் வைகையில் இறங்குகிறார். சுற்று வட்டார ஊர்களில் அய்யனாருக்குப் புரவி எடுக்கிறார்கள். இப்படிக் குதிரை நம் வழிபாட்டிலும் மண்ணிலும் பொன்னிலும் நிலைத்து நிற்கிறது, ஆனால் மூச்சு விடும் குதிரை மதுரைத் தெருவிலிருந்து என் கண் முன்னாலேயே மறைந்துவிட்டது. ஷான்தியியில் நடந்தது இதற்கு நேர்மாறு. அரச குடும்பம் போய்விட்டது, வேட்டைக் கூட்டம் கலைந்துவிட்டது, குதிரை மட்டும் போகவில்லை. அந்த ஊரைப் பார்க்கப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது இதையே என்பது என் உறுதியான கருத்து.

லாயத்தின் ஒரு பகுதி இப்போது குதிரை அருங்காட்சியகமாக இருக்கிறது. 1982இல் தொடங்கிய அருங்காட்சியகத்தை 2013இல் பதினைந்து அறைகளாகப் புதிதாக அமைத்திருக்கிறார்கள். மனிதன் குதிரையைப் பழக்கிய காலம் தொடங்கி, பல நாட்டுச் சேணங்கள், கடிவாளங்கள், அங்கவடிகள், பந்தய ஓவியங்கள், குழந்தைகளின் மரக்குதிரைகள் வரை வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். அறைகள் நேர்த்தியாகவே உள்ளன. ஆனாலும் கண்ணாடிப் பேழைக்குள் இருப்பதை வேகமாகப் பார்த்துவிட்டு, குதிரைகள் நிற்கும் கூடத்துக்குப் போய்விடுங்கள் என்பேன். பல இனக் குதிரைகளும் மட்டக் குதிரைகளும் கழுதைகளும் அங்கே நிற்கின்றன. குவிமாடத்தின் கீழே பயிற்சிபெற்ற குதிரைகளைக் கொண்டு நிகழ்ச்சி நடத்துகிறார்கள். குதிரை பக்கவாட்டில் அடியெடுத்து வைப்பது, நின்ற இடத்திலேயே தாளத்துக்கு நடப்பது, சொல் கேட்டுப் படுப்பது எல்லாம் எப்படிக் கற்றுக்கொடுக்கப்படுகின்றன என்பதும் அவற்றிலிருந்து விளங்குகிறது. பெரிய நிகழ்ச்சிகளுக்குத் தனிச் சீட்டு வாங்க வேண்டும்.

எங்களுக்குக் கிடைத்த சிறந்த நிகழ்ச்சி சீட்டில் இல்லாதது. ஓர் ஓரத்தில் இருபது வயதுக்கு மேல் இராத ஒரு பெண், வெள்ளைக் குதிரை ஒன்றின் குளம்பைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். தோளைக் குதிரையின் தோளோடு ஒட்டி நின்றுகொண்டு, கையை மேலிருந்து மெல்ல வழித்துக்கொண்டே வந்து, முழங்காலுக்குக் கீழே இரண்டு தட்டுத் தட்டினார். குதிரை தானாகக் காலைத் தூக்கிக் கொடுத்தது. வளைந்த இரும்புக் கொக்கியால் குளம்பின் குழிவில் அடைந்திருந்த மண்ணையும் சாணத்தையும் குதிகால் பக்கமிருந்து நுனியை நோக்கித் தோண்டி எடுத்தார். நடுவில் முக்கோணமாக இருக்கும் மெத்தென்ற சதையின்மேல் கொக்கி படாமல் பார்த்துக்கொண்டார். அம்மா கயிற்றுக்கு இப்பால் நின்று அந்த நான்கு கால்களும் முடியும் வரை நகரவில்லை. “அப்பாவும் இப்படித்தான், ரெண்டு தட்டுத் தட்டுவாரு, தூக்கிரும். மொத ஆளா குதிரைக்குத் தேய்ச்சு விட்டு, ஊறவச்ச கொள்ளப் போட்டுட்டுத்தான் நமக்குச் சோறு” என்றார். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் புரிந்திருக்க வழியில்லை. ஆனால் அம்மா தன் உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டிக் காட்டியதைப் பார்த்து அவர் சிரித்தபடி தலையசைத்தார்.

லாயத்துக்கு எதிரே இருக்கும் திடலில் 1834இல் முதல் பந்தயம் நடந்தது. ழாக்கி கிளப் பந்தயம் 1836இலும், பெண் குதிரைகள் மட்டும் ஓடும் தியான் பந்தயம் 1843இலும் தொடங்கி, இன்றும் ஒவ்வோர் ஆண்டும் இந்தத் திடலில்தான் ஓடப்படுகின்றன. பாரிஸின் லோன்ஷான் திடல் புதுப்பிக்கப்பட்டபோது, புகழ்பெற்ற ஆர்க் து திரியோம்ஃப் பந்தயமும் 2016, 2017 ஆகிய இரண்டு ஆண்டுகளில் இங்கே நடந்தது. பணம் கட்டும் பந்தயத்தில் எனக்கு நாட்டமில்லை, அதை யாருக்கும் பரிந்துரைக்கவும் மாட்டேன். ஆனால் பச்சைப் புல்வெளியின் ஒரு கரையில் மூன்று நூற்றாண்டு பழைய லாயமும் மறு கரையில் காடும் நிற்க, நடுவில் ஓடுபாதை வளைந்து செல்வதைப் பார்ப்பதற்காகவே அங்கே அரை மணி நேரம் உட்காரலாம்.

இனி அரண்மனை. தண்ணீருக்கு நடுவில், பாறைத் திட்டின் மேல் நிற்கும் இந்தக் கட்டடத்தைப் பார்க்கிறவர்கள் முழுவதும் பழையது என்று எண்ணிவிடுவார்கள். அது சரியன்று. சிறிய அரண்மனை எனப்படும் பகுதி மட்டுமே பழையது. அன் து மோன்மொரான்சி என்ற படைத்தலைவருக்காக ழான் புல்லான் 1560ஆம் ஆண்டையொட்டிக் கட்டியது. பெரிய அரண்மனை பிரெஞ்சுப் புரட்சியை அடுத்து இடிக்கப்பட்டு, கல் கல்லாக விற்கப்பட்டது. லாயம் படைக் குதிரைகளைக் கட்டப் பயன்பட்டதால் தப்பியது. இன்று நாம் காணும் பெரிய அரண்மனை, ஓமால் கோமகனுக்காக ஓனோரே தொமே 1875க்கும் 1885க்கும் இடையில் பழைய அடித்தளத்தின்மேல் எழுப்பியது. மதுரைக்காரர்களுக்கு இந்த வரலாறு புதிதாகத் தோன்றாது. திருமலை நாயக்கர் மகாலில் இன்று நாம் பார்ப்பதும் பழைய அரண்மனையின் ஒரு பகுதிதான். எஞ்சியவை பெயர்த்தெடுக்கப்பட்டுத் திருச்சிக்குப் போயின என்று சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம்.

ஓமால் கோமகன் யார் என்று தெரிந்துகொண்டு உள்ளே போவது நல்லது. தெரியாமல் போனால் அது ஓவியங்கள் நிறைந்த இன்னொரு மாளிகையாகத் தோன்றிவிடும். அவர் லூயி பிலிப் மன்னரின் மகன். கடைசிக் கோந்தே இளவரசர் இறந்ததும் 1830இல், எட்டு வயதில், இந்தச் சொத்து முழுவதும் அவருக்கு வந்தது. 1848இல் தந்தையின் ஆட்சி கவிழ்ந்ததும் இங்கிலாந்துக்குப் போய், இருபதாண்டுகளுக்கு மேல் அங்கேயே வாழ்ந்தார். அந்த ஆண்டுகளில்தான் பிரான்ஸிலிருந்து சிதறிய ஓவியங்களையும் கையெழுத்து நூல்களையும் தேடித் தேடி வாங்கினார். மனைவியும் பிள்ளைகளும் அவருக்கு முன்பே இறந்துவிட்டார்கள். ஆகவே அரண்மனை, காடு, லாயம், தொகுப்பு எல்லாவற்றையும் பிரான்ஸ் அறிஞர் அவைக்கு எழுதிக் கொடுத்தார். இரண்டு நிபந்தனைகள்: எந்தப் பொருளையும் வெளியே இரவல் தரக் கூடாது, அவர் மாட்டி வைத்த அமைப்பை மாற்றக் கூடாது. அவர் 1897இல் இறந்தார், அடுத்த ஆண்டு கோந்தே அருங்காட்சியகம் மக்களுக்குத் திறக்கப்பட்டது. பழைய ஓவியங்களைப் பொறுத்தவரை பிரான்ஸில் பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்துக்கு அடுத்த இடத்தில் வைத்துப் பேசப்படும் தொகுப்பு இது.

அந்த நிபந்தனையின் விளைவை ஓவியக் கூடத்துக்குள் நுழைந்ததும் காணலாம். சிவப்புச் சுவர்களில் ஓவியங்கள் மூன்று நான்கு அடுக்காக, ஒன்றின் தலைமேல் ஒன்றாகத் தொங்குகின்றன. காலமோ நாடோ பார்த்து வரிசைப்படுத்தவில்லை. ஒரு மனிதர் தம் வீட்டுச் சுவரில் தமக்குப் பிடித்தபடி மாட்டியது அப்படியே இருக்கிறது. இக்காலத்து அருங்காட்சியகங்களுக்குப் பழகிய கண்ணுக்கு இது நெருக்கடியாகத் தோன்றும். மேல் வரிசையில் இருப்பவை சரியாகத் தெரிவதுமில்லை. எனக்கு அந்த நெருக்கடி பிடித்திருந்தது. நம் வீடுகளில் பூஜை அறைச் சுவரில் படங்கள் சேர்வதும் இப்படித்தான். அந்தக் கூடத்தைத் தாண்டி, புனித இடம் என்று பொருள்படும் பெயரிட்ட ஒரு சிறிய அறையில் ரஃபேல் வரைந்த மூன்று அழகியர் ஓவியம் இருக்கிறது. நூல்களில் அதைப் பெரிதாகப் பார்த்தே பழகிய நான் நேரில் கண்டதும் திகைத்துப் போனேன்: பதினேழு சென்டிமீட்டர் சதுரம், ஒரு சாணுக்கும் குறைவு. அதே அறையில் பதினைந்தாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு ஓவியர் ழான் ஃபூக்கே தீட்டிய நாற்பது சிற்றோவியங்கள் உள்ளன. கண்ணைக் கிட்டே கொண்டுபோய், ஒவ்வொன்றாக, அவசரப்படாமல் பாருங்கள். அரண்மனைக்குள் உங்களுக்கு ஒரு மணி நேரம்தான் இருக்கிறதென்றால் அதில் அரை மணியை இந்த அறைக்கே கொடுங்கள்.

நூலகமும் தவறவிடக் கூடாதது. தரையிலிருந்து கூரை வரை தோல் அட்டை நூல்கள், நடுவில் இரும்பு மாடம். பெர்ரி கோமகனுக்காக லிம்பூர்க் சகோதரர்கள் என்ற ஓவியர்கள் 1411ஐ ஒட்டித் தொடங்கி 1416இல் தாங்கள் இறக்கும் வரை தீட்டிய பிரார்த்தனை நூல் இந்தத் தொகுப்பின் மணிமுடி. ஓமால் கோமகன் அதை 1856இல் ஜெனோவாவில் வாங்கினார். மாதத்துக்கு ஒரு முழுப் பக்க ஓவியம் கொண்ட நாட்காட்டி அதில் இருக்கிறது: பிப்ரவரியில் பனி மூடிய குடிசையும் அடுப்பில் குளிர் காயும் குடியானவர்களும், அக்டோபரில் லூவ்ர் கோட்டையின் பின்னணியில் விதைப்பும் பரம்படிப்பும். மூல நூலைப் பொதுவாக வெளியே வைப்பதில்லை. சீரமைப்பை ஒட்டி 2025இல் ஒரு கண்காட்சியில் வைத்தார்கள். மற்ற நாட்களில் காணக் கிடைப்பது நகல்தான். அக்டோபர் ஓவியத்தில் விதைத்த வயலில் பறவைகளை விரட்ட வில்லேந்திய ஒரு சோளக்கொல்லை பொம்மை நிற்கிறது. அதைக் கண்டுபிடித்துக் காட்டியவர் அம்மாதான்.

இன்னும் இரண்டைச் சொல்லிவிட்டு வெளியே வருகிறேன். 1737இல் தீட்டிய குரங்கு அறையில் சுவர் முழுவதும் குரங்குகள், மனிதர்களைப் போல உடுத்திக்கொண்டு வேட்டையாடுகின்றன, ஓவியம் தீட்டுகின்றன. அழகர்கோயில் படிக்கட்டில் வளர்ந்த கண்களுக்கு ஒவ்வொரு குரங்கின் முகமும் அறிமுகமானதாகவே இருக்கும். மற்றொன்று கோந்தே குடும்பத்து ரோஜா நிற வைரம். 1926இல் திருடர்கள் அதைக் கொண்டுபோனார்கள். ஒரு விடுதி அறையில், ஓர் ஆப்பிள் பழத்துக்குள் ஒளித்து வைத்திருந்தது பின்னர் அகப்பட்டது.

தோட்டத்தை வடிவமைத்தவர் வெர்சாய்த் தோட்டத்தை உருவாக்கிய அந்த்ரே லெ நோத்ர்தான். பதினேழாம் நூற்றாண்டில், ராக்ருவா போரை வென்றவரும் பெருங்கோந்தே என்று அழைக்கப்பட்டவருமான கோந்தே இளவரசரின் விருப்பப்படி அவர் செய்தது. இங்கே பூப்பாத்தியைவிடத் தண்ணீரே முதன்மை. நோனெத் என்ற சிற்றாற்றைத் திருப்பி, இரண்டரைக் கிலோமீட்டர் நீளமுள்ள கால்வாயாக்கி, வானம் அதில் விழும்படி குளங்களை அமைத்திருக்கிறார். கிட்டத்தட்ட அதே காலத்தில்தான் இங்கே 1645இல் திருமலை நாயக்கர் வண்டியூர்த் தெப்பக்குளத்தை வெட்டி வைகைத் தண்ணீரைக் கொண்டுவந்தார். இரண்டுக்கும் நோக்கம் வேறு. ஆனால் ஓர் ஆற்றின் நீரைக் கட்டடத்தின் காலடிக்கு அழைத்துவர வேண்டும் என்ற எண்ணம் ஒன்றுதான். தோட்டத்தின் ஒரு பக்கம் 1774இல் தொடங்கிய சிற்றூர் ஒன்றிருக்கிறது. வெளியே குடியானவர் குடிசைகள் போலவும் உள்ளே செல்வர் வீட்டு அறைகள் போலவும் கட்டியவை. வெர்சாயில் மரி அந்துவானெத் அமைத்த சிற்றூருக்கு முன்மாதிரி இதுதான். பார்க்க அழகு, ஆனால் நீண்ட நடை. முழங்கால் வலி உள்ளவர்கள் இதை விட்டுவிடலாம், இழப்பொன்றுமில்லை.

இந்த ஊரின் பெயரை உலகெங்கும் கொண்டுபோனது அடித்த பாலேடு. சர்க்கரையும் வனிலாவும் சேர்த்து நுரைக்க நுரைக்க அடித்த பாலேட்டுக்கு ஷான்தியி என்றே பெயர். அதைக் கண்டுபிடித்தவர் வத்தேல் என்று பலர் சொல்வார்கள், அதற்குச் சான்றில்லை. வத்தேல் கோந்தே இளவரசரின் விருந்து மேலாளர். 1671 ஏப்ரலில் பதினான்காம் லூயி மன்னர் இங்கே வந்திருந்தபோது, வெள்ளிக்கிழமை விருந்துக்கு வர வேண்டிய மீன் நேரத்துக்கு வரவில்லை என்று எண்ணி, வாளால் குத்திக்கொண்டு உயிரை விட்டார். மீன் வண்டிகள் அதன் பிறகு வந்து சேர்ந்தன. விருந்தோம்பலில் மானத்தை வைத்து வாழ்ந்த அந்த மனிதரின் கதையைக் கேட்டுவிட்டு அம்மா வெகுநேரம் பேசவில்லை. ஊருக்குள் ஒரு சிறு கடையில் செம்பெர்ரிப் பழத்தின் மேல் ஒரு கரண்டிப் பாலேடு வைத்துக் கொடுத்தார்கள். இனிப்புக் குறைவு, கொழுப்பு மிகுதி, கரண்டியைக் கவிழ்த்தாலும் விழாத கெட்டி. நம் ஜிகர்தண்டாவில் பாசுந்தி நாக்கில் படியும் அந்த ஒரு கணத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதைக் காற்றால் நிரப்பியதுபோல இருந்தது. முட்டை சேராதது என்பதால் மரக்கறி உண்பவர்களும் தயங்காமல் சாப்பிடலாம்.

சாப்பாடு என்று வந்தால் மரக்கறிக்காரர்களுக்கு இந்த ஊர் எளிதன்று. நாங்கள் மதியத்துக்கு நுழைந்த ஓர் உணவகத்தில், இறைச்சி வேண்டாம் என்று தம்பி தெளிவாகச் சொல்லியும், காய்கறி வடிசாற்றில் பன்றித் துண்டுகள் மிதந்து வந்தன. மாற்றிக் கொடுத்தார்கள், ஆனால் அம்மாவுக்கு மனம் ஒப்பவில்லை. தம்பி மனைவி கட்டிக் கொடுத்த புளியோதரைதான் பூங்காவுக்கு வெளியே ஒரு பெஞ்சில் உட்கார்ந்தபோது எங்களைக் காப்பாற்றியது. நீங்களும் கட்டிக்கொண்டு போங்கள்.

கடைசியாகக் காடு. பிற்பகலில், குதிரைகள் போன பிறகு, நாங்கள் அதற்குள் நடந்தோம். 6,300 ஹெக்டேர் பரப்புள்ள இந்தக் காடும் ஓமால் கோமகன் எழுதிக் கொடுத்த சொத்தின் பகுதியே. ஓக் மரங்கள் மிகுதி. வேட்டைக்காக வெட்டிய நேர்ப் பாதைகள் ஒரே புள்ளியில் வந்து கூடி நட்சத்திரம்போல விரிகின்றன. எந்தப் பக்கம் குதிரையும் நாயும் ஓடினாலும் நடுவில் நிற்பவர் பார்த்துவிடலாம். அந்த நடுப்புள்ளியில் நின்று சுற்றிப் பார்த்தபோதுதான், லாயம், காடு, அரண்மனை மூன்றும் தனித்தனியானவை அல்ல, வேட்டை என்ற ஒரே வேலைக்காக அமைந்தவை என்பது எனக்கு விளங்கியது.

ஆனால் காட்டைப் பார்த்து மகிழ்ச்சி மட்டும் அடைய முடியவில்லை. பல ஓக் மரங்களின் உச்சி இலையற்று, எலும்பு விரல்கள்போல நின்றது. அடுத்தடுத்து வந்த வறட்சியும் கடுங்கோடையும் ஒரு பக்கம். மண்ணுக்குள் இருந்து வேரைத் தின்னும் ஒரு வகை வண்டின் புழுக்கள் மறு பக்கம். மணற்பாங்கான நிலம் தண்ணீரைப் பிடித்து வைப்பதில்லை, புழுவுக்கும் அதுவே ஏற்றதாகிறது. காட்டைக் காப்பாற்ற அறிவியலாளர்களும் ஊர் மக்களும் சேர்ந்து இயங்குகிறார்கள்; தெற்கத்திய வெப்பத்தைத் தாங்கும் மர வகைகளை நட்டுப் பார்க்கிறார்கள். நான்கு வழிச் சாலைக்காக நம் பக்கம் சாய்க்கப்பட்ட புளியமரங்களின் வெட்டுவாய்களைப் பேருந்திலிருந்து எண்ணிக்கொண்டே போன நாட்கள் எனக்கு நினைவுக்கு வந்தன. அங்கே மரம் தானாகச் சாகிறது, அதைத் தடுக்க ஓர் ஊரே போராடுகிறது என்பதைப் பார்த்தபோது மனம் கனத்தது, மதிப்பும் கூடியது.

போகிறவர்களுக்குச் சில சொற்கள். செவ்வாய்க்கிழமையைத் தவிர்த்து, திறக்கும் நாளையும் நேரத்தையும் முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள். அரண்மனை, பூங்கா, லாயம் மூன்றுக்கும் சேர்த்து ஒரே சீட்டு கிடைக்கிறது, அதையே வாங்குங்கள். ரயில் நிலையத்திலிருந்து அரண்மனைக்கு நடக்க அரை மணி நேரம் ஆகும். வழி அழகானது, ஆனால் முற்றத்தில் உருளைக்கல் பதித்த தரை என்பதால் செருப்பு உதவாது, நல்ல ஷூ வேண்டும். விடியற்காலையில் காட்டோரம், பிறகு லாயம், நண்பகலுக்கு முன் அரண்மனை, வெயில் தாழ மறுபடி காடு என்ற வரிசையே சரி. பெரியவர்களை அழைத்துச் செல்பவர்கள் தோட்டத்தைக் குறைத்து லாயத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். கறுப்புப் பட்டு நூலில் பின்னும் லேஸ் வேலைக்கும் 1730இல் தொடங்கிய பீங்கான் பட்டறைக்கும் இந்த ஊர் பெயர் பெற்றது. அவற்றில் ஆர்வம் உள்ளவர்களுக்கு இன்னொரு நாள் தேவைப்படும்.

எங்களுக்குக் கோமெல் குளக்கரைகளுக்குப் போக நேரமில்லாமல் போனது. காட்டின் தென்பகுதியில், ஒரு சிறு கோட்டை வீட்டின் முன்னால் வரிசையாக இருக்கும் குளங்கள் அவை. மாலை ரயிலுக்காக நிலையத்தில் நின்றபோது அம்மா தன் சேலை முந்தானையை முகர்ந்து பார்த்து, “லாயத்து வாசம் இன்னும் போகல பாருத்தா” என்று சொல்லி அதை என் பக்கம் நீட்டினார். வைக்கோலும் வியர்வையும் தோலும் கலந்த வாசனை. தம்பி வீட்டில் அந்தச் சேலையை அம்மா துவைக்கப் போடவில்லை. மடித்து, மதுரைக்குக் கொண்டுவந்துதான் துவைத்தார்.